வேறு யார் பேரும் இல்லை

2008 நவம்பர் 3, திங்கள்

விடிவதற்கு முன்பே மழை. குடையில் ஒரு கம்பி போய்விட்டது. மாத்தளை ஆபீசுக்கு வந்து சேரும்போது வலது தோள் முழுக்க ஈரம். ஸ்டோரில் நனைந்த சாக்கும் மிளகும் சேர்ந்த நெடி. சர்வர் அறையில் ஏழு தும்மல், எண்ணினேன்.

9.20க்கு கரன்ட் போனது. இருபது நிமிடம். யூபிஎஸ் தாங்கியது, சர்வர் அணையவே இல்லை. அந்த பாட்டரி வாங்க முதலாளி ஹாஜியாரிடம் நாலு மாதம் நச்சரித்தவன் நான். இன்று ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. போகட்டும். பதவியின் பேர் இன்னமும் ‘ஆபீஸ் உதவியாளர்’. சர்வரைப் பார்ப்பது நான், யார் வந்தார், யார் வரவில்லை என்று வரவு இடாப்பு எழுதுவது நான், தபாலுக்குப் போவதும் நான்.

நேற்று ஞாயிறு காலை ஆறு மணிக்கு லாக் மாற்றம் தானாக நடந்தது. என் முறையில் இது இரண்டாவது வாரம். மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

சர்வருக்குள் சிஸ்லாக் என்று ஒன்று ஓயாமல் ஓடுகிறது. யார், எந்த மெஷினிலிருந்து, எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்பதை லாக் என்ற ஒரு கோப்பில் வரிவரியாக எழுதும். கோப்பு பெருத்துக்கொண்டே போவதால் வாரம் ஒரு தடவை மாற்ற வேண்டும்.

1. ஓடும் கோப்பின் பேரை ‘போன வாரம்’ என்று மாற்று. (ஏற்கெனவே அந்தப் பேரில் இருப்பது அழிந்துவிடும். அழியட்டும், இடம் மிச்சம்.)
2. ஓடும் கோப்பின் பேரிலேயே வெறும் கோப்பு ஒன்று புதிதாக வை.
3. முடிந்தது.

கொழும்பிலிருந்து சர்வரைப் போட்டுத் தந்த இஞ்சினியர் முகுந்தன் இதற்கே இருபது வரி எழுதி வைத்திருந்தார். அதில் ஒரு வரி ‘கில்’ என்று தொடங்கும். போன மாதம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். ஓடுகிறதை எதற்குக் கொல்ல வேண்டும்? என் மெஷினில் அந்தச் சொல் வேண்டாம். பத்திரிகையில் தினமும் பார்ப்பது போதும்.

மத்தியானம் செல்வராணி எட்டிப் பார்த்தாள். முன் மேசைக் கிளார்க். கண்டியில் ஆறு மாதம் கம்பியூட்டர் கோர்ஸ் செய்தவள்.

“ஐயா, பேரை மாத்துனா மட்டும் பத்தாதுங்க. சிஸ்லாக்குகிட்ட சொல்லணும். கில் ஹப்னு ஒண்ணு இருக்கு.”

“நல்லா ஓடுறதை ஏம்மா கொல்லணும்?”

“கொல்றது இல்லீங்க. புத்தகம் மாறிருச்சுன்னு தோளத் தட்டிச் சொல்ற மாதிரி.”

“தோட்டத்துல கணக்குப்புள்ளையா இருபத்தாறு வருசம் செக்ரோல் எழுதுனவன் நான். புத்தகம் மாத்த எனக்கு நீ சொல்லிக்குடுக்கிறியா? ஆறு மாசம் படிச்சுட்டு?”

குரல் உயர்ந்துவிட்டது. ஸ்டோரில் மிளகு புடைக்கும் பெண்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். பாக்கியம் மட்டும், “கணக்குப்புள்ள பேயோட்டுறாரு, எல்லாரும் வெளிய நில்லுங்கடி” என்றாள். (சர்வரில் ஓடுவதற்கு இங்கிலீஷில் டீமன் என்று பேர் என்று ஒரு நாள் வாய்தவறிச் சொன்னதிலிருந்து இந்த அறை அவர்களுக்குப் பேய் ரூம்.)

செல்வராணி சிரிக்கவில்லை. “சரிங்கய்யா” என்று போய்விட்டாள். அவ்வளவு சத்தம் போட்டிருக்க வேண்டாம். ஆனாலும் அவள் அதை எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருக்கவும் வேண்டாம்.

குடைக்காரனிடம் கம்பி கொடுக்க. மூக்குக் கண்ணாடிக் காலுக்கு நூல்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. ஆபீசில் இடி.

போன வாரம் கொழும்புக்குப் போன மிளகு பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறது. காயாத மிளகு. செல்வராணி ஈரம் அளந்து, கூடாது என்று மெஷினில் பதிந்த அதே லொட், அதே மூட்டைகள். யாரோ அந்த ஈர அளவை மாற்றி, காய்ந்தது என்று போட்டிருக்கிறார்கள். அக்டோபர் 30, வியாழன், பின்னேரம் 4.10. மாற்றிய பேர்: செல்வராணி.

அவள் இல்லை என்கிறாள். அவளுடைய இரகசியச் சொல் ஆபீசில் எல்லாருக்கும் தெரியும், கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. பில் அடிக்க அவசரம் என்றால் யாரும் அவள் பேரில் உட்காருவார்கள். நானே உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் மொத்தம் மூன்று: முன் மேசை, ஸ்டோர், ஹாஜியாரின் அறை. அந்த நேரம் அவள் முன் மேசையில்தான் இருந்தாளாம், டெலிபோனில். அவள் பேர் வேறு மெஷினிலிருந்து உள்ளே வந்திருந்தால் அவள் தப்பினாள்.

அதைச் சொல்லக்கூடியது லாக் ஒன்றுதான்.

நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஹாஜியாரிடம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். இந்த ஆபீசில் முதல் தடவையாக என் வேலை ஒருவருக்குத் தேவைப்படுகிறது.

நவம்பர் 6, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலை பத்து மணி. சர்வர் அறை வாசலில் ஹாஜியார், மிளகை வாங்கிய கொழும்புக்காரரின் ஆள் ஒருவர், செல்வராணி, ஸ்டோர் பெண்கள் நாலைந்து பேர். நான் கதிரையில். போன வாரக் கோப்பில் முப்பதாம் திகதி ஸ்டோர் மெஷின் இருக்கிறதா என்று தேடச் சொல்லி அடித்தேன். ஒன்றும் வரவில்லை. ஹாஜியாரின் மெஷினைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை.

“என்ன கணக்குப்புள்ள? வேற மெஷின்ல இருந்து வந்து ஈக்கிதா?”

“இல்லீங்க ஹாஜியார். வேற யாரு பேரும் இல்லீங்க.”

வாயிலிருந்து அப்படியே வந்தது. அந்த நேரம் அது பொய் என்று எனக்குத் தெரியாது. இதை மட்டும் எனக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

செல்வராணி என் முகத்தைப் பார்த்தாள். “நல்லாப் பாருங்கய்யா” என்றாள். “பாத்தாச்சும்மா” என்றேன்.

எல்லாரும் போன பிறகு முன் மேசையைத் தேடினேன். அதுவும் இல்லை. அவள் பேர் இல்லை, என் பேர் இல்லை, ஒரு வரிகூட இல்லை. கோப்பின் அளவு பூச்சியம். இந்த வாரக் கோப்பும் பூச்சியம். இரண்டு வாரமாக ஒன்றும் எழுதப்படவில்லை.

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். ஹாஜியாரின் அறைக் கதவு பதினைந்து அடி தூரம். அந்த ஆளும் இன்னும் உள்ளே இருந்தார். குரல் கேட்டது: “மெஷினே சொல்லிருச்சே. திங்கட்கிழமை பொலிசில முறைப்பாடு குடுத்துருவோம்.”

போகவில்லை. கதிரையிலேயே இருந்தேன். டீ வந்தது, குடித்தேன்.

செல்வராணியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பையை எடுக்க உள்ளே வந்தவள் பாக்கியத்திடம் சொன்னது இங்கே கேட்டது:

“பொலிஸ் வீட்டுக்கு வந்தா என்னைய கேக்க மாட்டாங்கக்கா. என் தம்பியத்தான் கேப்பாங்க. எட்டு மாசம் உள்ள இருந்துட்டு இப்பத்தான் தையல் கடையில ஒக்காந்திருக்கான்.”

“ஒண்ணும் ஆகாது புள்ள. போ.”

“போன தடவையும் இப்பிடித்தான் சொன்னாங்க.”

வரவு இடாப்பில் அவள் பேருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதினேன். வந்தவளை.

நவம்பர் 7, வெள்ளி

வானம் மூடியே கிடக்கிறது. கோவில் மணி சத்தம் ஈரத்தில் கனத்து வந்தது. உள்ளே போகவில்லை, வெளியே நின்று கும்பிட்டேன்.

காலையில் காரணம் விளங்கியது. டிஸ்க்கில் இடம் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் கோப்பெல்லாம் பூச்சியம். அப்படியானால் எங்கேயோ எழுதப்படுகிறது. எங்கே?

சிஸ்லாக் கோப்பின் பேரைப் பார்ப்பதில்லை. தொடங்கும்போது ஒரு தடவை திறக்கும். பிறகு கையை எடுக்காமல் அதிலேயே எழுதும். நான் அதன் கைக்குள் இருந்த புத்தகத்தின் மேலட்டையை மாற்றினேன், மேசையில் புதிய புத்தகம் ஒன்று வைத்தேன், அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தோளைத் தட்டிச் சொல்லியிருந்தால்தான் பார்த்திருக்கும். திங்கட்கிழமை அவள் சொன்ன அதே சொல்.

11 மணிக்கு முகுந்தன் டெலிபோன் எடுத்தார். ஹாஜியார் சொல்லியிருக்கிறார். நாளைக்குக் கொழும்பிலிருந்தே சர்வருக்குள் வந்து பார்ப்பாராம். பாதையில் செக் பொயின்ட், யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு அவரால் நேரில் வர முடியாது.

நாளைக்கு அவர் வந்து பூச்சியத்தைப் பார்ப்பார். இருபது வரியை யார் எடுத்தது என்று கேட்பார்.

நான் செய்தது: கதவைச் சாத்தினேன். கில் ஹப் என்று அடித்தேன். இத்தனை நாள் அடிக்க மாட்டேன் என்றிருந்ததை இரண்டு விரலால் அடித்தேன். உடனே புதிய கோப்பில் முதல் வரி விழுந்தது. பிறகு இரண்டாவது. பார்ப்பவருக்கு எல்லாம் சரி. முகுந்தனின் இருபது வரியையும் பழைய இடத்தில் திருப்பி வைத்தேன். என்னுடைய மூன்று வரியை அழித்தேன்.

திருடன் காலடியைக் கூட்டி மெழுகுகிற மாதிரி.

இரவுச் சாப்பாடு: பருப்பு, கருவாடு. இறங்கவில்லை. “ஏன், உப்புக் கூடிருச்சா?” என்று கேட்டாள் பார்வதி. இல்லை என்றேன். மனைவியிடமும் ஒரு பொய்யா என்றால், இல்லை, உப்பு சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 8, சனி

அரை நாள் ஆபீஸ். தூறல்.

முகுந்தன் 10.15க்கு டெலிபோனில் கூப்பிட்டார்.

“அங்கிள், நேற்றுப் பகலுக்கு முன்னம் லாக்கில ஒண்டுமே இல்லை. என்ன நடந்தது?”

“தெரியலீங்களே.”

“நேற்று 11.40க்கு ஆரோ ஹப் அடிச்சிருக்கினம். நீங்கள்தானே?”

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்.

“அங்கிள், அது பழைய கோப்பைக் கையில பிடிச்சுக்கொண்டுதான் இருந்தது. பேர் அழிஞ்சாலும் உள்ளுக்க இருக்கிறது அழியாது, அது கையை விடும்வரைக்கும். ரெண்டு கிழமையும் அப்பிடியே இருந்திருக்கும். உள்ளுக்கால போய் எடுத்திருக்கலாம். ஹப் அடிக்க முன்னம் எனக்கு ஒரு கோல் எடுத்திருந்தா அஞ்சு நிமிசத்தில எடுத்துத் தந்திருப்பன்.”

“இப்ப?”

“கையை விட்டிட்டுது. இனி ஒண்டும் செய்யேலாது.”

முப்பதாம் திகதி 4.10 மணி உயிரோடு இருந்தது. எந்த மெஷின் என்ற ஒரு வரி. ஞாயிறு இருந்தது, திங்கள் கரன்ட் போனபோது நான் வாங்கிய பாட்டரியில் தப்பியது, வியாழன் நான் வேறு யாரும் இல்லை என்று சொன்னபோதும் இருந்தது. வெள்ளி 11.40க்கு நான் அதைக் கொன்றேன். கில் என்றால் கொல்வது இல்லை என்று அவள் சொன்னாள். என் கையில் அது அதைத்தான் செய்தது.

மாற்றியது யார் என்று இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. செய்தவன் நல்லாயிருப்பான்.

முகுந்தன் கடைசியில் கேட்டார்: “நான் ஹாஜியாரிட்டச் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறியளோ?”

“நான் சொல்றேன்.”

“திங்கட்கிழமைக்கு முன்னம், அங்கிள்.”

ஹாஜியார் நேற்றே கண்டிக்குக் கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். டெலிபோனில் சொல்லலாம். சொல்லவில்லை.

இன்னொன்று. இந்தப் புத்தகத்தில் இல்லாவிட்டால் வேறெங்கும் எழுத மாட்டேன்.

எழுபத்து நாலு, பஞ்ச காலம். ரத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில் புதிதாகக் கணக்குப்பிள்ளை வேலை எனக்கு. மாதம் முதலாம் திகதி. காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் புது செக்ரோல் மேசையில் இருந்தது. என் கையில் பழைய மாதத்துப் புத்தகம். மழை, அவசரம். பெண்கள் வரிசையில் வந்து பேர் சொன்னார்கள், நான் எல்லாரையும் பழையதில் எழுதினேன். அது அன்றே கட்டி மேலே பெரிய ஆபீசுக்குப் போய்விட்டது. மறு நாள் தோட்டத் துரை புதியதைத் திறந்தார். முதலாம் திகதிப் பக்கம் வெறுமை. பேர் இல்லை, ஆகவே வேலையும் இல்லை, கூலியும் இல்லை என்றார். முப்பத்தொரு பெண்கள். அவர்கள் கேட்டபோது நான் என்ன சொன்னேன்? “புத்தகத்துல இல்லியே” என்றேன். அவர்கள் அன்றைக்கு வரவேயில்லை போல.

செய்த பிழையே மறுபடி. முப்பத்து நாலு வருடம் கழித்து. மெஷினுக்கும் அதே பிழையைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்று நினைத்தேன். இல்லை. மெஷின் பிழை செய்யவில்லை. அன்றைக்கு என்னைத் தோளில் தட்டியிருந்தால் நான் பார்த்திருப்பேன். சிஸ்லாக்கும் பார்த்திருக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆறு மணிக்கு விழிப்பு. லாக் மாறும் நேரம். இன்றைக்குச் சரியாகவே மாறியிருக்கும்.

தலைக்கு எண்ணெய். குடை வந்துவிட்டது. பல் வலி, இடது மேல்.

பார்வதி தேங்காய் திருவிக்கொண்டே பேச்சை எடுத்தாள். பாக்கியம் சந்தையில் சொல்லியிருக்கிறாள்.

“அந்தப் புள்ள அப்பிடி செய்யிற புள்ள இல்லீங்க.”

“ம்.”

“ஆனா நீங்க பாத்துச் சொன்னீங்களாமே. மெஷின் பொய் சொல்லுமா?”

“மெஷின் சொல்லாது.”

“அப்ப அவதான் செஞ்சாளா?”

எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். பின்னாலேயே குரல்: “கேட்டதுக்குப் பதில் சொல்லாம போற பழக்கம் எப்ப விடுவீங்களோ!”

ஹாஜியாருக்குச் சொல்ல மூன்று விதம் எழுதிப் பார்த்தேன்.

அ. ‘சர்வரில் ஒரு கோளாறு ஏற்பட்டதால்...’ (பொய். அடித்துவிட்டேன்.)
ஆ. ‘இஞ்சினியரின் அமைப்பில் ஒரு மாற்றம் செய்யப்பட்டதால்...’ (செய்தவன் பேர் எங்கே? அடித்துவிட்டேன்.)
இ. ‘நான்’

இ அந்த ஒரு சொல்லோடு நிற்கிறது.

நவம்பர் 10, திங்கள்

7.30க்கே ஆபீஸ். ஹாஜியார் வந்தவுடன் பின்னாலேயே அறைக்குள் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

சொன்னேன். கோப்பு வெறுமையாக இருந்தது என்று. வெறுமை என் பிழை என்று. வியாழக்கிழமை சொன்ன பதினைந்து நிமிடத்துக்குள் எனக்கே தெரியும் என்று. வெள்ளிக்கிழமை மறைக்கப் போய் இருந்ததையும் அழித்தேன் என்று. குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. ஏதோ மனு வாசிப்பவன் மாதிரி.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அப்ப அந்தப் புள்ளட பேரும் அதில இல்ல?”

“யாரு பேரும் இல்லீங்க.”

“நீங்க வேற யாரு பேரும் இல்லன்டு தானே சொன்னீங்க. நாலு பேருக்கு முன்னுக்கு.”

“ஆமாங்க.”

“யா அல்லாஹ்... பத்து மணிக்கு அந்த மனுசன் வாறான், பொலிசுக்குப் போக. நான் அவனுக்கு என்னத்தச் சொல்ற?”

“நான் எழுதித் தாறேங்க. கையெழுத்தோட.”

எழுதினேன். இ-யில் நின்ற சொல்லிலிருந்து தொடங்கி ஒன்பது வரி. ஹாஜியார் இரண்டு தடவை வாசித்தார்.

பத்து மணிக்கு அந்த ஆள் வந்தார். கதவுக்கு வெளியே நின்றேன். முதலில் சத்தம், பிறகு சிரிப்பு. “கெழவன் ஒருத்தன நம்பி பொலிசுக்குப் போகப் பாத்தோமே!” கேட்டுக்கொண்டு நின்றேன். சாட்சி இல்லாமல் முறைப்பாடு இல்லை என்று முடிந்தது. மிளகை ஹாஜியார் திருப்பி எடுத்துக்கொள்கிறார்.

எனக்கு ஹாஜியார் சொன்னது: “வேலையில இருந்து நிப்பாட்ட மாட்டன். சர்வர் சாவிய மட்டும் வைங்க. அந்தப் புள்ளைக்கு நான் சொல்ல மாட்டன். நீங்களே போய்ச் சொல்லுங்க.”

சாவியை வைத்தேன். வளையத்திலிருந்து கழற்ற நேரம் எடுத்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 11, செவ்வாய்

ரத்தோட்டை பஸ், 2.45. நல்ல மழை. இறங்கிய பிறகு கால் மணி நேரம் ஏற்றம். காலில் அட்டை, வலது கணுக்கால், இரண்டு.

கையில் பிஸ்கட் பெட்டி ஒன்று கொண்டுபோனேன். பாதி வழியில் அது மடத்தனமாகத் தெரிந்தது. திருப்பிப் பையில் வைத்தேன்.

செல்வராணி கதவைப் பாதி திறந்துதான் பேசினாள். வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே தையல் மெஷின் துணி போட்டு மூடியிருந்தது. தம்பி இல்லை. வெள்ளிக்கிழமையே நாலந்தாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம், பொலிஸ் வரும் என்று பயந்து. நாலு நாள் சொல்லாமல் நின்றதில் தையல் கடைக்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

இது எனக்குத் தெரியாது. இதற்கு ஒன்பது வரிக் கடிதத்தில் இடமில்லை.

சொல்லத் தொடங்கினேன். “செல்வராணி, அன்னைக்கு நான்...”

“தெரியும். பாக்கியக்கா போன்ல சொல்லிட்டாங்க.”

“நீ சொன்னதுதாம்மா சரி. கில் ஹப்.”

“அதுக்கு வந்தீங்களா? நான் சொன்னது சரின்னு சொல்ல?”

கூரைத் தகரத்தில் மழை. அவள்தான் மறுபடி பேசினாள், சத்தம் போடாமல்.

“ஐயா, மெஷின்ல பிழை வரும். அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க என்னைய நிமிந்து பாத்து, பாத்தாச்சும்மான்னு சொன்னீங்க. காலிக் கோப்ப வச்சுக்கிட்டு.”

“அந்த நேரம் தெரியாதும்மா.”

“கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுதுல்ல? நான் பையை எடுக்க வந்தப்போ தெரியும்தானே?”

“தெரியும்.”

“எங்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. என் வீட்டு வாசல்ல சொன்னா யாருக்குக் கேக்கும்? எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னீங்க. அங்கயே நின்னு சொல்லுங்க. அப்பத்தான் வேலைக்கு வருவேன்.”

“ஹாஜியாருக்கு எழுதிக் குடுத்துட்டேம்மா.”

“எழுத்து வேணாங்கய்யா. உங்க எழுத்தத்தான் பாத்தோமே.”

கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை. மெதுவாக, கொளுக்கி விழும் சத்தம் கேட்கும்படி.

பஸ்ஸில் திரும்பும்போது கோபம் வந்தது. அறுபத்து மூன்று வயது, ஸ்டோர் பெண்களுக்கு முன்னால் நிற்பதா என்று. செக்ரோல் காலத்தில் இவர்களுடைய தாய்மார் என் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் என்று. இப்படியெல்லாம் நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். மாத்தளை வரும்வரை கோபம் இருந்தது. இறங்கும்போது இல்லை. அந்த வரிசையில் முப்பத்தொரு பேர்.

பிஸ்கட்டைப் பார்வதி கண்டுபிடித்துவிட்டாள். “யாருக்கு வாங்குனீங்க?” உனக்குத்தான் என்றேன். நம்பவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

இடையில் பௌர்ணமிப் போயா விடுமுறை ஒரு நாள். நேற்றுப் பல் பிடுங்கியது. அவள் வரவில்லை. நானும் வாய் திறக்கவில்லை, பல்லைச் சாக்கு வைத்து.

இன்று வெயில். மிளகு காயப் போட்டிருக்கிறார்கள், முற்றம் முழுக்கக் கறுப்பு.

7.50க்கு செல்வராணி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசல் படியில் பையோடு நின்றாள். பாக்கியமும் மற்றவர்களும் புடைப்பதை நிறுத்தினார்கள். ஹாஜியார் தன் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளேயே இருந்தார். முகுந்தன் சர்வரில் எல்லாவற்றையும் சரிபார்த்து, இனி முன் மேசையே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறார். சாவி அவளுடைய மேசையில் இருந்தது.

முதலில் வரவு இடாப்பை எடுத்தேன். அவள் பேருக்கு நேரே என் கையெழுத்தில் ஆறு ‘வரவில்லை’. வியாழனிலிருந்து ஒவ்வொன்றாக அடித்து, ‘வர விடவில்லை’ என்று எழுதினேன். அவள் படியிலிருந்தே பார்த்தாள்.

சர்வர் அறை வாசலில், அன்றைக்கு அவள் நின்ற இடத்தில் நின்றேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன், முகங்கள் மங்கலாகத் தெரியட்டும் என்று. பிறகு போட்டுக்கொண்டேன்.

“போன வியாழக்கிழமை வேற யாரு பேரும் இல்லன்னு சொன்னேன். அந்தக் கோப்புல ஒண்ணுமே இல்ல. செல்வராணி பேரும் இல்ல. காலிக் கோப்பப் பாத்துட்டு நான் அப்பிடிச் சொன்னேன். காலின்னு தெரிஞ்ச பொறகும் சும்மா இருந்தேன்.”

மிளகின் மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது, யாரும் விரட்டவில்லை.

செல்வராணி படியை விட்டு அசையவில்லை.

“பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலீங்கய்யா.”

மறுபடி சொன்னேன்.